வருட மொத்தம் மாறவில்லை என்றால் மழை மாறவில்லை என்று அர்த்தமா?

மழைக்குறிப்பு:
எல்லோருக்கும் வணக்கம். பல வருடங்களாக மொட்டை மாடியில் மழைமானி வைத்து அளந்து வருகிறேன். தினமும் காலையில் ஒரே நேரத்துக்கு மேலே போய், புனலைக் கழற்றி, உள்ளே சேர்ந்த தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றுவேன். கண்ணுக்கு நேராகப் பிடித்து, வளைந்து நிற்கும் நீர்மட்டத்தின் அடியைப் பார்த்து நோட்டில் எழுதுவேன். மழை இல்லாத நாளுக்குப் பூஜ்யம்.

பழைய நோட்டுகளையும் புதியவற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வருட மொத்தம் ஏறி இறங்கி ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கிறது. ஆனால் பக்கத்தைப் புரட்டும்போதே வித்தியாசம் தெரிகிறது. முன்பெல்லாம் 3, 5, 8, 4 என்று சின்னச் சின்ன எண்கள் வரிசையாக வரும். இப்போது பூஜ்யம், பூஜ்யம் என்று பக்கம் முழுக்க ஓடி, திடீரென ஒரே வரியில் பெரிய எண் வந்து நிற்கிறது. இந்தப் பருவத்தில் ஒருநாள் காலையில் போனால் உள்கலம் நிரம்பி வழிந்து வெளிக்கலத்திலும் தண்ணீர் நின்றது. இரண்டையும் சேர்த்து அளக்க வேண்டியதாயிற்று. அப்படி நான் செய்தது அதுதான் முதல் தடவை.

வீட்டில் ஒருவர், "மொத்தம் அதேதானே? அப்புறம் என்ன மாறிவிட்டது?" என்று கேட்டார். சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. இது பருவநிலை மாற்றம்தானா, அல்லது என் மனப்பிரமையா?

கேள்விக்காரன்:
உங்கள் பொறுமைக்கு முதலில் ஒரு வணக்கம். ஆனால் எனக்குச் சந்தேகம் இருக்கிறது, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மழை என்றைக்குமே ஒரு சீராகப் பெய்ததில்லை. 1860 ஆகஸ்டிலிருந்து 1861 ஜூலை வரை சிரபுஞ்சியில் 26,470 மி.மீ. பெய்தது. 12 மாத மழைக்கு அதுதான் இன்றும் உலகச் சாதனை. ஒரே நாளில் அதிகம் பெய்தது 1966 ஜனவரியில், ரீயூனியன் தீவின் ஃபோக்-ஃபோக்கில், 1,825 மி.மீ. இரண்டுமே பழைய கதை. வானம் இப்போதுதான் கெட்டுப்போனது என்றால் சாதனைகள் ஏன் அந்தக் காலத்திலேயே நிற்கின்றன?

வாத்தியார்:
கேள்விக்காரன் தம்பி கேட்டது நல்ல கேள்வி. சாதனை விஷயத்தை வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும். மழைக்குறிப்பு கேட்டதற்கு நான் வருகிறேன். மொத்தம் அப்படியே இருக்க, பெய்யும் விதம் மட்டும் மாற முடியுமா என்றால், முடியும். அப்படித்தான் மாறும் என்று இயற்பியலே சொல்கிறது.

வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால், காற்றில் அதிகபட்சம் இருக்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். இதற்கு கிளாசியஸ்-கிளாப்பிரான் விதி என்று பெயர். கிளாப்பிரான் 1834-லும் கிளாசியஸ் 1850-லும் நீராவி எஞ்சின் காலத்தில் போட்ட கணக்கு. பருவநிலை பற்றிய இன்றைய வாதங்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சரி, அப்படியானால் உலகத்தின் மொத்த மழையும் 7 சதவீதம் கூட வேண்டுமே? கூடாது. பலரும் தவறவிடுகிற இடம் இதுதான். ஒரு கிலோ நீராவி குளிர்ந்து மழைத்துளிகளாகும்போது சுமார் 25 லட்சம் ஜூல் உள்ளுறை வெப்பத்தைக் காற்றில் விட்டுவிட்டுத்தான் கீழே விழுகிறது. அந்த வெப்பத்தை வளிமண்டலம் கதிர்வீச்சாக வெளியே தள்ளினால்தான் அடுத்தடுத்த மழை உருவாக இடம் கிடைக்கும். தள்ளும் வேகத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது, அது மெதுவாகத்தான் கூடுகிறது. அதனால் உலக சராசரி மழை டிகிரிக்கு 1 முதல் 3 சதவீதம் வரைதான் ஏறும்.

இனி இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு பெரிய மழைமேகம் சுற்றுப்புறத்துக் காற்றையெல்லாம் தன் பக்கம் இழுத்துப் பெய்கிறது. அந்தக் காற்றில் நீராவி டிகிரிக்கு 7 சதவீதம் கூடுதல் என்றால் கனமழையும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் கனக்கும். மொத்தமோ 2 சதவீதம் சுற்றித்தான் கூட முடியும். பெரிய மழை தன் பங்கை அதிகமாக எடுத்துக்கொண்டால் மீதி எங்கே குறையும்? தூறலில், சாரலில், மழை நாட்களின் எண்ணிக்கையில். உங்கள் நோட்டில் 3, 5, 8 காணாமல்போய்ப் பூஜ்யங்கள் நீண்டதும், நடுவில் ஒரு பெரிய எண் வந்ததும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

புதியவன்:
ஐயா, சூடான காற்று பெரிய பஞ்சு மாதிரி, அதிகத் தண்ணீரைப் பிடித்துவைக்கும் என்று படித்திருக்கிறேன். அது சரியா?

வாத்தியார்:
மனதில் பதிய உதவும், ஆனால் காற்று எதையும் பிடித்துவைப்பதில்லை தம்பி. சூடு கூடினால் நீர்மூலக்கூறுகள் திரவத்திலிருந்து தப்பி ஓடும் வேகம் கூடுகிறது. ஓடுவதும் திரும்புவதும் சமமாகும் அளவு உயர்கிறது. காற்றே இல்லாத வெற்றிடத்திலும் இதே 7 சதவீதம் வரும்.

செங்காந்தள்:
சாதனைக் கேள்விக்கு நான் வருகிறேன். புள்ளிவிவரம்தான் என் வேலை.

பருவநிலை மாறவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஓரிடத்தில் அளக்கத் தொடங்கிய முதல் வருடம் எது பெய்தாலும் அது சாதனை. இரண்டாம் வருடம் அதை முறியடிக்க வாய்ப்பு இரண்டில் ஒன்று, பத்தாம் வருடம் பத்தில் ஒன்று, நூறாம் வருடம் நூறில் ஒன்று. அளக்க அளக்கச் சாதனைகள் அரிதாகிக்கொண்டே போக வேண்டும். ஆகவே ஃபோக்-ஃபோக்கின் சாதனை இன்னும் நிற்பதில் எந்த வியப்பும் இல்லை. சூறாவளி வரும் கடல் நடுவே செங்குத்தாக எழுந்த எரிமலைத் தீவு அது. அந்த அமைப்பு வேறெங்கும் எளிதில் வாய்க்காது. ஓரிடத்தை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைத் தீர்க்கவே முடியாது.

ஆயிரக்கணக்கான நிலையங்களை எடுத்து, எத்தனை சாதனைகள் வந்திருக்க வேண்டும், எத்தனை வந்தன என்று எண்ண வேண்டும். ஜெர்மனியின் போட்ஸ்டாம் பருவநிலை ஆய்வு நிறுவனத்தினர் 2015-ல் அதைச் செய்தார்கள். 1981 முதல் 2010 வரையான முப்பது ஆண்டுகளில், மாறாத பருவநிலையில் எதிர்பார்க்கக்கூடியதைவிட 12 சதவீதம் அதிகமாக ஒருநாள் மழைச் சாதனைகள் வந்திருந்தன. கடைசி ஆண்டான 2010-க்கு மட்டும் பார்த்தால் அந்தக் கூடுதல் 26 சதவீதம்.

இன்னொன்று. உலகெங்கும் உள்ள நிலையங்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதைப் பார்த்தால், ஒரு வருட மழையில் பாதி, மிக அதிகம் பெய்யும் 12 நாட்களிலேயே வந்துவிடுகிறது. 365 நாளில் வெறும் 12! மழை ஏற்கெனவே அவ்வளவு ஒரு பக்கம் சாய்ந்துதான் கிடக்கிறது. வெப்பம் அந்தச் சாய்வை இன்னும் கூட்டுகிறது.

மழைக்குறிப்பு, உங்கள் நோட்டு தங்கம். ஆனால் ஒரு மழைமானியை மட்டும் வைத்து "இதோ நிரூபணம்" என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். ஒரே ஒரு மேகம் இரண்டு தெரு தள்ளிப் பெய்திருந்தால் உங்கள் பெரிய எண் பக்கத்து நோட்டில் இருந்திருக்கும்.

கேள்விக்காரன்:
நன்றி அக்கா. சாதனைக் கணக்கு புரிந்தது, என் வாதம் அந்த இடத்தில் நிற்காது என்று ஒப்புக்கொள்கிறேன். இனி எவ்வளவு மாறும் என்பதற்கு ஏதாவது எண் உண்டா?

செங்காந்தள்:
உண்டு. ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை 1850–1900 காலத்தை அடிப்படையாக வைத்துக்கொள்கிறது. அப்போது நிலப்பகுதியில் சராசரியாகப் பத்து வருடத்துக்கு ஒருமுறை வந்த ஒருநாள் கனமழையை எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் 1 டிகிரி சூடானபோது அது 1.3 மடங்கு அடிக்கடி வரத் தொடங்கியது. 1.5 டிகிரியில் 1.5 மடங்கு, 2 டிகிரியில் 1.7 மடங்கு, 4 டிகிரி வரை போனால் 2.7 மடங்கு. வருவது மட்டுமல்ல, வரும்போது கொட்டும் அளவும் 1 டிகிரிக்கு 6.7 சதவீதம், 2 டிகிரிக்கு 14, 4 டிகிரிக்கு 30 சதவீதத்துக்குச் சற்று மேல் என்று கூடுகிறது. வாத்தியார் சொன்ன 7 சதவீதம் இங்கே அப்படியே தெரிகிறது.

புதியவன்:
"நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் மழை" என்று செய்தியில் சொல்கிறார்களே. ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த நூறு வருடத்துக்கு நிம்மதிதானே?

நதிமூலம்:
தம்பி, அந்தச் சொல்லால் எத்தனை பேர் ஏமாந்திருக்கிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். வடிகால், சிறு பாலம் வடிவமைப்பதுதான் என் தொழில். அந்தச் சொல்லுக்கு எந்த வருடத்திலும் நூறில் ஒரு வாய்ப்பு என்று மட்டுமே பொருள். போன வருடம் வந்தது இந்த வருட வாய்ப்பைக் குறைக்காது. முப்பது வருடம் ஒரு வீட்டில் குடியிருந்தால், அதற்குள் ஒருமுறையாவது அப்படி ஒரு மழையைப் பார்க்க 26 சதவீத வாய்ப்பு. நாலில் ஒன்று! அதுவும் பருவநிலை மாறாத உலகத்துக்கான கணக்கு.

எனக்கு இதில் பெரிய கவலை என்னவென்றால், இப்போது பூமிக்கடியில் கிடக்கும் குழாய்களின் விட்டமெல்லாம் பழைய மழைப் பதிவுகளை வைத்து முடிவானது. நேற்று பெய்தது போலத்தான் நாளையும் பெய்யும் என்ற நம்பிக்கை ஒவ்வொரு குழாயிலும் ஊறியிருக்கிறது. அந்த நம்பிக்கை தவறு என்று தெரிந்த பிறகும் பழைய அட்டவணையை வைத்தே புதுக் குழாய் பதிப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

மண்வாசனை:
மொத்தம் அதேதானே என்று கேட்டவருக்கு மண்ணைக் காட்டிப் பதில் சொல்லலாம்.

ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 100 மி.மீ. பெய்தால் ஒரு ஹெக்டேருக்குப் பத்து லட்சம் லிட்டர். களிப்பாங்கான பசலை மண் மணிக்கு 5 முதல் 10 மி.மீ. வரை உறிஞ்சும். சுத்தக் களிமண் என்றால் 1 முதல் 5. மணல் 30-க்கு மேல்.

இந்த 100 மி.மீ. பத்து நாளாக, நாளுக்கு இரண்டு மணி நேரம், மணிக்கு 5 மி.மீ. என்று பெய்தால் களிப்பாங்கான மண் சொட்டு விடாமல் குடித்துவிடும். அதே 100 மி.மீ. இரண்டே மணி நேரத்தில் கொட்டினால்? மண் தாராளமாகக் குடித்தாலும் 20 மி.மீ.தான் இறங்கும். மீதி 80, அதாவது ஹெக்டேருக்கு எட்டு லட்சம் லிட்டர், மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடும். இரண்டு நிலத்திலும் வருட மொத்தம் ஒன்றே. ஒன்றில் வேர்வரை ஈரம், மற்றொன்றில் ஓடையில் வெள்ளமும் ஒரு வாரத்தில் வெடிப்பும்.

மூடாக்கு இல்லாத வெற்று மண்ணில் பெரிய துளிகள் விழுவதை உட்கார்ந்து கவனித்திருக்கிறேன். ஒவ்வொரு துளியும் மண்கட்டியை உடைத்துத் தெறிக்க வைக்கிறது. உடைந்த நுண்துகள் துளைகளுக்குள் போய் அடைத்துக்கொள்கிறது. சிறிது நேரத்தில் மேலே வழவழப்பாக ஒரு படலம். மழை விட்டு வெயில் பட்டதும் அதுவே பொறுக்கு தட்டிக் காய்ந்துவிடும். விரல் நகத்தால் தூக்கினால் ஓடு போலப் பெயர்ந்து வருகிறது. அடியில் மண் காய்ந்தே இருந்தது. அவ்வளவு மழை பெய்தும்!

நதிமூலம்:
நிலத்தடி நீரைப் பொறுத்தவரை ஒரு சின்னத் திருத்தம். பெருமழை எல்லா இடத்திலும் வீணாவதில்லை. தான்சானியாவின் மகுட்டபோராவில் பல பத்தாண்டுகளாக நீர்மட்டம் அளந்த பதிவைப் பார்த்தால், சில அபூர்வமான பெருமழைக் காலங்களில்தான் அங்கே நிலத்தடி நீர் ஊறியிருக்கிறது. சாதாரண மழையெல்லாம் வேருக்கும் வெயிலுக்கும் போய்விட்டது. வறண்ட நிலத்தில், மணற்பாங்கான ஆற்றுப்படுகை இருந்தால், இப்படி நடக்கும்.

மண்வாசனை:
ஒப்புக்கொள்கிறேன். பயிருக்கு ஒரு கணக்கு, கிணற்றுக்கு ஒரு கணக்கு.

புதியவன்:
எனக்கு இதுதான் குழப்பம். வெள்ளத்துக்கும் பருவநிலை மாற்றம் காரணம், வறட்சிக்கும் அதுவே காரணம் என்கிறார்கள். இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும்?

வாத்தியார்:
அதே 7 சதவீதம்தான் தம்பி. காற்றில் இருக்கக்கூடிய நீராவியின் எல்லை உயர்ந்தால், மழை இல்லாத நாட்களில் அந்த எல்லையை எட்ட இன்னும் அதிக ஈரம் தேவை. அந்தத் தாகத்தைக் காற்று மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் தீர்த்துக்கொள்ளும். ஆகவே மழை அளவு துளிகூடக் குறையாமலே வறட்சி கடுமையாகலாம். மண் சீக்கிரம் காயும். ஈரம் காய்ந்த மண்மீது வெயில் விழுந்தால் ஆவியாக்கச் செலவாக வேண்டிய வெப்பமும் காற்றையே சூடாக்கும்.

ஈரமும் வறட்சியும் மாறி மாறி அடிப்பதையும் கவனிக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் தென்பகுதியில் 2022–23, 2023–24 குளிர்காலங்கள் இரண்டிலும் நல்ல மழை. புல்லும் புதரும் செழித்து வளர்ந்தன. அடுத்த மழைப்பருவத்தின் தொடக்கத்தில் மழை ஏறக்குறைய இல்லவே இல்லை. அந்தப் பசுமை எல்லாம் காய்ந்து, 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலீஸ் தீக்கு விறகானது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இப்படி மூன்று மாதக் கால அளவில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் தாவுவது உலக அளவில் 31 முதல் 66 சதவீதம் வரை கூடியிருக்கிறது என்று 2025-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது.

கேள்விக்காரன்:
அப்படியானால் எல்லா ஊரிலும் இதே கதையா? ஈரமான இடம் இன்னும் ஈரமாகும், வறண்ட இடம் இன்னும் வறளும் என்று ஒரு வாசகம் கேட்டிருக்கிறேன்.

வாத்தியார்:
கடலுக்கு மேல் அது ஓரளவு பொருந்தும். நிலத்தில் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் 1970-லிருந்து ஏப்ரல்–அக்டோபர் மழை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. மழை கொண்டுவந்த காற்றோட்டங்கள் துருவத்தை நோக்கி நகர்ந்ததில் பசுங்குடில் வாயுக்களுக்குப் பங்கு உண்டு. அணைகளுக்கு வரும் நீர் அதைவிட மிக அதிகமாகச் சரிந்தது. பெர்த் நகரம் 2006-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் திறந்ததற்குப் பின்னால் இந்த வறட்சிதான் இருக்கிறது.

காற்றில் மிதக்கும் மாசுத்துகளை மறந்துவிடக் கூடாது. அவை வெயிலை மறைக்கும். நிலம் போதுமான அளவு சூடாகாவிட்டால் கடலிலிருந்து வரும் பருவக்காற்று வலுவிழக்கும். இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் தெற்காசியப் பருவமழை குறைந்ததில் இந்தத் துகள்களின் கை ஓங்கியிருந்தது என்பது ஐபிசிசியின் முடிவு. அதே காலத்தைச் சேர்த்து, 1950 முதல் 2015 வரை மத்திய இந்தியாவைப் பார்த்தால், பரந்த பகுதியில் பெய்யும் அதிகனமழை நிகழ்வுகள் மூன்று மடங்காகியிருக்கின்றன. மொத்தப் பருவமழை குறைந்திருக்க, அதிகனமழை மட்டும் மூன்று மடங்கு! மழைக்குறிப்பு, உங்கள் வீட்டில் கேட்டவரிடம் நான் காட்டுவதாக இருந்தால் இதைத்தான் காட்டுவேன்.

கேள்விக்காரன்:
கடைசியாக ஒரு மனக்குறை. எந்த ஊரில் வெள்ளம் வந்தாலும் உடனே பருவநிலை மாற்றம் என்று சொல்லிப் பொறுப்பானவர்கள் நழுவிவிடுகிறார்கள். கால்வாயை அடைத்தவர் யார், ஆற்றங்கரையில் கட்டிடம் கட்ட அனுமதித்தவர் யார் என்ற கேள்வியே எழுவதில்லை. எனக்குக் கோபம் அங்கேதான்.

நதிமூலம்:
உங்கள் கோபம் எனக்கும் உண்டு. பெய்த மழை வேறு, விளைந்த சேதம் வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க இப்போது முறையான வழி இருக்கிறது. சூடான இன்றைய உலகத்தையும், சூடாகாத உலகத்தையும் கணினி மாதிரிகளில் ஓடவிட்டு, பழைய பதிவுகளோடு ஒப்பிட்டு, அந்தக் குறிப்பிட்ட மழைக்கான வாய்ப்பு எவ்வளவு மாறியது என்று கணக்கிடுகிறார்கள். 2017 ஆகஸ்டில் ஹார்வி சூறாவளி டெக்ஸாஸ் மாநிலத்தின் நீடர்லாந்து என்ற ஊரில் 1,539 மி.மீ. கொட்டியது. அந்தப் பகுதியில் கொட்டிய மழை, வெப்பமயமாதலால் சுமார் 15 சதவீதம் கனத்தது, வாய்ப்பு மூன்று மடங்கானது என்று ஓர் ஆய்வில் வந்தது.

இந்த முறை எல்லாவற்றையும் பருவநிலை தலையில் கட்டுவதில்லை. தெற்கு மடகாஸ்கரில் 2019 முதல் 2021 வரை நீடித்த வறட்சியை இதே துறையினர் ஆராய்ந்து, பருவநிலை மாற்றத்தின் பங்கு சொற்பம்தான், மழையின் இயல்பான ஏற்ற இறக்கமும் அதைத் தாங்க முடியாத வறுமையும்தான் அங்கே வந்த பஞ்சத்துக்குக் காரணம் என்று வெளிப்படையாக எழுதினார்கள். எனக்கு இந்தத் துறைமீது நம்பிக்கை வந்ததே அதைப் படித்த பிறகுதான்.

லிபியாவின் டெர்னாவை நினைத்தால் இன்னும் நெஞ்சு பதறுகிறது. 2023 செப்டம்பரில் டேனியல் புயல். அந்த மழைக்கான வாய்ப்பு வெப்பமயமாதலால் 50 மடங்கு வரை கூடியிருக்கலாம் என்றார்கள், கணக்கில் தடுமாற்றம் அதிகம் என்றும் அவர்களே எழுதினார்கள். ஆனால் ஊருக்கு மேலே இருந்த இரண்டு அணைகளும் நள்ளிரவில் அடுத்தடுத்து உடைந்ததால்தான் ஆயிரக்கணக்கானோர் தூக்கத்திலேயே கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டார்கள். மழை கனத்துவிட்டது என்பதைச் சாக்காகச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கனக்கப் போகிறது என்று தெரிந்தால் அணையைப் பராமரிக்கும் கடமை கூடத்தான் செய்கிறது.

செங்காந்தள்:
அளப்பது பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. மழைக்குறிப்பு நாளுக்கு ஒருமுறை அளக்கிறார். மாற்றம் இன்னும் வேகமாகத் தெரிவது மணிக்கணக்கில். நெதர்லாந்தின் டி பில்ட் நிலையத்தின் நீண்ட பதிவில், நாள் சராசரி 12 டிகிரியைத் தாண்டிய நாட்களில் மணிநேரக் கனமழை டிகிரிக்குச் சுமார் 14 சதவீதம் ஏறியிருந்ததை 2008-ல் கண்டுபிடித்தார்கள். வாத்தியாரின் 7-க்கு இரு மடங்கு. மேகத்துக்குள் வெளியாகும் வெப்பமே மேகத்தை இன்னும் வேகமாக மேலே தூக்கி, சுற்றியுள்ள ஈரத்தை இன்னும் இழுத்துக்கொள்கிறது என்பது ஒரு விளக்கம்.

2021 ஜூலை 20 அன்று சீனாவின் ஜெங்ஜோவில் ஒரே மணி நேரத்தில் 201.9 மி.மீ. அந்த நகரத்தின் ஒரு வருட மழையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. சுரங்க ரயிலுக்குள் தண்ணீர் புகுந்து உள்ளே இருந்தவர்கள் கழுத்தளவு நீரில் நின்றார்கள், 14 பேர் இறந்தார்கள். 2024 அக்டோபர் 29 அன்று ஸ்பெயினின் டுரீஸில் ஒரு மணி நேரத்தில் 184.6 மி.மீ. வறண்டு வருவதாகச் சொல்லப்படும் மத்தியதரைக்கடல் ஓரத்தில்! நாளுக்கு ஒருமுறை குவளையைப் பார்த்தால், மூன்று மணி நேரத்தில் கொட்டியதும் இருபது மணி நேரம் நனைத்ததும் ஒரே எண்ணாகத்தான் தெரியும்.

மழைக்குறிப்பு:
ஒவ்வொரு பதிலையும் இரண்டு தடவை படித்தேன். எல்லோருக்கும் நன்றி. மண்வாசனை சொன்ன கணக்கை வீட்டில் போட்டுக் காட்டினேன். "அப்போ மொத்தத்தை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாதுதான்" என்றார், அத்தோடு நோட்டை வாங்கிப் பூஜ்யங்களை எண்ண ஆரம்பித்துவிட்டார்.

செங்காந்தள் சொன்னபடி இன்றிலிருந்து நோட்டில் இன்னும் இரண்டு பத்திகள் போட்டிருக்கிறேன். மழை தொடங்கிய நேரம், விட்ட நேரம். வீட்டில் இருக்கும்போது பலத்த மழை வந்தால் கால் மணிக்கு ஒருமுறை குடையோடு மேலே போய் அளப்பதாகவும் இருக்கிறேன். ஒரு சந்தேகம்: நடுவில் உள்கலத்தைக் காலி செய்து திரும்ப வைக்கும் நேரத்தில் கொஞ்சம் மழை தவறிப்போகுமே, அதற்கு என்ன செய்வது?

செங்காந்தள்:
காலி செய்யாதீர்கள். உள்ளே ஓர் அளவுகோல் குச்சியை விட்டு மட்டத்தை மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள், மொத்தத்தைக் காலையில் குவளையில் அளக்கலாம். இடி மின்னல் இருந்தால் மாடிக்குப் போகவே வேண்டாம், அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.